பதிலையும் நீயே சொல்லு

செவிலியர் கல்லூரியின் செய்முறைக் கூடத்தில் ஒரு ரப்பர் பொம்மை படுத்தே கிடந்தது. மாணவர்கள் அதற்கு வைத்த பெயர் மாமனார். எவ்வளவு பணிவிடை செய்தாலும் ஒரு நல்ல வார்த்தை சொல்லாது என்பதால் அந்தப் பெயர்.

ஒட்டடைக்குச்சி என்று எல்லோரும் அழைக்கும் ஒல்லியான மாணவன் ஒருவன், முதல் தடவை மாமனாரிடம்தான் தோற்றான். நோயாளியைப் புரட்டி, முதுகு துடைத்து, படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்ளும் தேர்வு. “ஐயா, எங்கயாவது வலிக்குதா?” என்று கேட்டுவிட்டுப் பொம்மையின் வாயைப் பார்த்தபடி நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

“என்னப்பா, வேர் விட்டுட்டியா?” என்றார் மதிப்பெண் போட வந்திருந்த ஆசிரியை.

“பதிலுக்குக் காத்திருக்கேன் மேடம்.”

“அது பொம்மைடா! பதிலையும் நீயே சொல்லிட்டு அடுத்ததுக்குப் போ. தயங்கினா மார்க் போயிடும்.”

போயிற்று.

அதன்பின் விடுதி அறையில் தலையணையைப் படுக்கவைத்துப் பழகினான். “வலிக்குதாங்க? இல்லையா, நல்லது. புரட்டட்டுமா? சரிங்க.” கேள்வியும் பதிலும் ஒரே மூச்சில் வரத் தொடங்கின. அறைத்தோழன் கட்டிலில் இருந்தபடியே சொன்னான்: “மச்சான், நீ கல்யாணமே பண்ணிக்காதடா. ரெண்டு பேர் சண்டையையும் நீ ஒருத்தனே போட்டுக்குவ.”

மறுதேர்வு வார்டில், நிஜ நோயாளியிடம். இதிலும் கோட்டை விட்டால் படிப்பை மூட்டை கட்டவேண்டியதுதான். அவனுக்குக் கிடைத்தவர் ஒரு தையல்காரர். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து, பேச்சு குழறிப் போனவர். கூடவே இருந்து பார்த்துக்கொண்ட மகள், “அப்பா மெதுவாத்தான் பேசுவார் தம்பி” என்று சொல்லிவிட்டு வெந்நீர் பிடிக்கக் கீழே போனாள்.

மேடம் தாளும் பேனாவுமாகக் கால்மாட்டில் நின்றார். ஒட்டடைக்குச்சி கை கழுவினான். திரையை இழுத்தான்.

“ஐயா, எங்கயாவது வலிக்குதா?”

தையல்காரர் அவனைப் பார்த்தார். உதடுகள் சேர்ந்தன, பிரிந்தன. தொண்டைக்குள் ஏதோ ஏறி வந்தது.

“இல்லையா, நல்லது. புரட்டட்டுமா? சரிங்க” என்று அவரைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பினான்.

மேடம் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டடைக்குச்சி முதுகை ஒற்றித் துடைத்தான். தண்ணீர் சூடாக இருக்கிறதா என்று கேட்டான். பதமாக இருக்கிறது என்று தானே சொன்னான். விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு அவரை மல்லாத்தியபோது, கண்கள் அவனைத் தாண்டி எங்கோ நிலைகுத்தியிருந்தன.

டாக்டர் ஓடி வந்தார். நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள். கடைசியில், “ஹார்ட் நின்னுடுச்சு. நீ புரட்டினதால இல்லை, பயப்படாத” என்று அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மேடத்தின் தாளில் ‘நோயாளியிடம் பேசும் முறை’ என்ற இடத்தில் அதற்கு முன்பே முழு மதிப்பெண் விழுந்திருந்தது. அவன் பாஸ்.

மகள் அழுது ஓய்ந்து, அவனைத் தேடி வராந்தாவுக்கு வந்தாள்.

“நீதானே தம்பி கடைசியாப் பக்கத்துல இருந்த. அப்பா ஏதாவது சொன்னாரா?”

ஆறுதலாக ஒரு பதில் அவன் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடுத்தவர் பதிலைச் சொல்வதில் அவனைவிடத் தேர்ந்தவர் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது. அதை விழுங்கினான்.

“சொல்ல வந்தாரு அக்கா. நான்தான் கேக்காமத் திருப்பிட்டேன்.”

நாலு அறை விழும் என்று நின்றான். விழுந்திருந்தால் தேவலை. அவள், “வாய் எப்படிப் போச்சு?” என்றாள். “செஞ்சு காட்டு.”

அவன் உதடுகளைச் சேர்த்தான், பிரித்தான். அவள் நெருங்கி வந்து உற்றுப் பார்த்தாள்.

“‘பாப்பா’ன்னாரா? என்னை அப்படித்தான் கூப்பிடுவார்... இல்ல, ‘போதும்’னாரா?”

“தெரியலக்கா.”

“இன்னொரு தடவை காட்டுப்பா.”

அவன் மறுபடியும் சத்தமில்லாமல் உதடுகளைச் சேர்த்தான்.