அதுக்கும் ஒரு பொட்டு

போலீஸ்காரர்கள் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதை மேனேஜர் ஆறுமுகசாமி மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, வாங்கி வந்திருந்த சாத்துக்குடியை உரித்துக்கொண்டே, ஏதோ ஆர்டர் கேன்சல் ஆன விஷயத்தைச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். பனியன் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு எல்லாரும் கூடியிருந்தார்கள். முதலாளி தன் துப்பாக்கியைக் கழற்றி மேஜை டிராயரில் வைத்திருந்தார். சின்னத்தாயின் மகள் அபிராமி விளையாட்டாக அதை எடுத்துப் பார்த்தாள். வெடித்துவிட்டது. சின்னப் பெண், தெரியாமல் செய்துவிட்டாள், பெற்ற தாய்க்குத்தானே அடி, அந்தத் தாயே கேஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் யார் என்ன செய்துவிட முடியும்?

"அவ்வளவுதானுங்கக்கா. வேறொண்ணும் நீங்க மனசுல போட்டுக்காதீங்க," என்றார்.

சின்னத்தாயின் இடது கால் முழங்காலுக்குக் கீழே பொதிபோலக் கட்டுப் போட்டுக் கிடந்தது. குண்டு கெண்டைச்சதையைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. எலும்பில் படாமல் போனது சாமி புண்ணியம் என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எலும்பில் படாதது சாமி புண்ணியம் என்றால் காலில் பட்டது யார் புண்ணியம் என்று கேட்க அவளுக்கு நாக்கு துடித்தது.

இந்த ஊர்க்காரர்களின் மரியாதை திருப்பூருக்கு வந்த புதிதில் அவளுக்கு அதிசயமாக இருந்தது. தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டுகிறவளைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிட்டார்கள். இப்போது பிள்ளையின் தலையில் பழியைத் தூக்கி வைக்கும்போதும் ஒரு 'ங்க' குறையவில்லை. அவள் பிறந்த சாத்தூர்ப் பக்கம் ஒருத்தன் அநியாயம் பேசினால் அவன் குரல் தானாகவே உயர்ந்துவிடும், நாமும் பதிலுக்குக் கத்தலாம். இங்கே சாத்துக்குடியைச் சுளை சுளையாகப் பிரித்துக் கையில் கொடுத்துக்கொண்டே கழுத்தை அறுக்கிறார்கள். எங்கே போய்க் கத்துவது?

இதற்கு முன்னால் சொன்ன கதை வேறு. அயர்ன் டேபிள் பாய்லர் வெடித்து இரும்புத் துண்டு காலில் பாய்ந்துவிட்டது என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காயத்தைப் பார்த்த டாக்டரம்மா, இது பாய்லர் போட்ட ஓட்டை இல்லை, போலீசுக்குத் தகவல் சொல்லாமல் என்னால் வைத்தியம் பார்க்க முடியாது என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டாள். அந்தக் கதை செத்த பிறகுதான் இந்தக் கதை பிறந்தது. முதல் கதையில் பாய்லர் குற்றவாளி. இரண்டாவதில் அபிராமி. இரண்டிலும் முதலாளி நல்லவர்.

சாத்தூர்ப் பக்கத்தில் சின்னத்தாயின் அக்கா பட்டாசுக்கு மருந்து அடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள் அவளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள், முகம் பார்க்க விடவில்லை. அதற்குப் பிறகு அந்த மண்ணில் இருக்கச் சின்னத்தாய்க்கு மனம் வரவில்லை. அபிராமியைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு, புருஷன் ராக்கையாவை நச்சரித்துக் கிளப்பிக்கொண்டு, திருப்பூர் பஸ் ஏறினாள். இங்கே பஞ்சுத் தூசி உண்டு, ஷிப்மென்ட் நெருங்கினால் நின்ற காலிலேயே நிற்பது உண்டு, லைன் வீட்டில் தண்ணீர்ச் சண்டை உண்டு. ஆனால் துணி வெடிக்காது. ஊரிலிருந்து வேலை கேட்டு வருகிறவர்களிடமெல்லாம் அவள் இதைத்தான் சொல்வாள்.

முதலாளி தரணீதரன் துப்பாக்கி வாங்கியதில்கூட அவளுக்குக் குறை சொல்ல வாயில்லை. குன்னத்தூர்ப் பக்கம் தோட்டத்து வீட்டில் அவருடைய அப்பாவும் அம்மாவும் தனியாக இருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்தில் முகத்தை மூடிய ஆட்கள் புகுந்து, பெரியவர்களை அடித்துக் கட்டிப் போட்டுவிட்டு நகையோடு போய்விட்டார்கள். அதிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. முறையாக மனுப் போட்டு லைசென்ஸ் வாங்கினார், கோயம்புத்தூரில் சுடப் பழகினார். இடுப்பில் இருப்பது வெளியே தெரியக் கூடாது என்று ஒரு அளவு பெரிய சட்டையாகத் தைத்துப் போட்டார். ஆனால் வாயை யார் தைப்பது? அவர் இடுப்பில் என்ன இருக்கிறது என்பது கம்பெனி இருக்கிற அருள்புரத்து டீக்கடைக்காரர் வரைக்கும் தெரியும். திருடன் முன்னால் வந்து நிற்கும்போது குண்டை ஏற்றிக்கொண்டிருக்க நேரமிருக்காது, எந்நேரமும் தயாராக இருந்தால்தான் அது துப்பாக்கி, இல்லையென்றால் வெறும் இரும்பு, அதனால் ஒரு குண்டு எப்போதும் குழலுக்குள் ஏறியே இருக்கும் என்று செக்கிங் டேபிள் பக்கத்தில் நின்று யாரோ விருந்தாளியிடம் பெருமையாகச் சொன்னதைச் சின்னத்தாய் தன் காதாலேயே கேட்டிருக்கிறாள்.

பூஜை அன்று மெஷின்களையெல்லாம் காற்றடித்துத் துடைத்து வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். விளக்குக்கு முன்னால் பலகையில் கத்தரி, டேப், ஸ்குரூடிரைவர், கார்ச் சாவி எல்லாம் பரப்பியிருந்தது. முதலாளியின் மனைவி கீர்த்தனா குங்குமம் எடுத்துக் கொடுக்க, அபிராமி ஒவ்வொன்றையும் துடைத்துச் சந்தனம் தொட்டுப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பொட்டு திருத்தமாக வரும் என்று பெயர். சின்னத்தாய் கீழே உட்கார்ந்து பொரிகடலையைக் கவரில் போட்டுக்கொண்டிருந்தாள். உற்சாகத்தில் இருந்த தரணீதரன் இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுத்தார். குண்டுகள் அடுக்கிய மேகசினை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், அத்தோடு அது காலி என்று நினைத்துவிட்டார். ஊரெல்லாம் பெருமை பேசிய அந்த ஒரு குண்டு குழலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

"அதுக்கும் ஒரு பொட்டு வெச்சுடு கண்ணு," என்ற அவர் குரலும் சுற்றி நின்றவர்கள் சிரிப்பும் சின்னத்தாயின் காதில் விழுந்தன. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அபிராமியின் கை பிசிறு வெட்டிப் பழகிய கை. கத்தரியோ டிரிம்மரோ, வளையத்தில் விரலை விட்டுப் பிடித்தால்தான் அந்தக் கைக்குப் பிடித்த மாதிரி இருக்கும். துப்பாக்கியிலும் ஒரு வளையம் இருந்தது. இடது கை விரலை அதில் விட்டுப் பிடித்துக்கொண்டு, இரும்பில் சந்தனம் ஒட்டவில்லையே என்று வலது கையால் அழுத்தித் தேய்த்தாள். சின்னத்தாய்க்கு முதலில் காது அடைத்தது. வலி பிறகுதான் வந்தது, அதற்கு முன்னால் வாசனை வந்துவிட்டது. வெடிமருந்து வாசனை. எந்த வாசனைக்குப் பயந்து இத்தனை தூரம் ஓடி வந்தாளோ அது தேடி வந்து காலடியில் நின்றது.

அன்றிலிருந்து அபிராமி கட்டிலுக்கு அருகில் நிற்கவே இல்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கொடுத்த இட்லியைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பாட்டியிடம் கொடுத்துவிட்டாள். ராக்கையா அதே கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். ஆறுமுகசாமி அவரைத் தனியே அழைத்துக்கொண்டு போய்ப் பேசியிருந்தார். குடியிருக்கிற லைன் வீடு கம்பெனியுடையது, வேலை கம்பெனியுடையது, ஆஸ்பத்திரிச் செலவையும் கம்பெனிதான் பார்க்கிறது. திரும்பி வந்த ராக்கையா, பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்கிறார்களே, சொல்லிவிட்டுப் போவோமே என்றார். பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல் கட்டில் காலைப் பார்த்துச் சொன்னார். அவர் மேல் கோபப்படக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

கோபம் வந்தது வேறொன்றுக்கு. இன்று காலையில், மேனேஜர் வருவதற்கு முன், பல் தேய்க்கத் தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு அபிராமி வாசல் பக்கம் போய் நின்றுகொண்டாள். அவங்க சொல்றபடியே சொல்லிரும்மா, நான்தானே சுட்டேன் என்றாள். நீயா எடுத்தாய், முதலாளி பொட்டு வைக்கச் சொன்னதால்தானே என்று சின்னத்தாய் கேட்டாள்.

"அவரு சொன்னாரா, நானா எடுத்தேனான்னே இப்ப எனக்குத் தெரியலம்மா," என்றாள் அபிராமி.

வராந்தாவில் பிள்ளையை உட்கார வைத்து, கண்ணு கண்ணு என்று கூப்பிட்டு, டிராயர் டிராயர் என்று சொல்லிச் சொல்லி, இல்லாத டிராயரைத் திறந்து பார்க்க வைத்துவிட்டார்கள். காலில் போட்ட ஓட்டையை டாக்டரம்மா தைத்துவிட்டாள். இதை எந்த டாக்டர் தைப்பாள்? இருபது வயதுப் பெண், நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போய் வாழ வேண்டியவள், பெற்ற தாயைச் சுட்டவள் நான் என்று நினைத்துக்கொண்டே சாகும்வரை சோறு தின்ன வேண்டுமாம். ஒருவருடைய லைசென்ஸ் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காக.

சாத்துக்குடி தீர்ந்த நேரத்துக்குத் தரணீதரனே வந்துவிட்டார். ஆறுமுகசாமி எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். முதலாளி உட்காரவில்லை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது, நடிப்பு என்று சொல்ல முடியாது. அந்தச் சத்தம் காதிலேயே நிற்கிறது, கண்ணை மூட முடியவில்லை என்றார். அப்பா அம்மாவுக்கு ஒரு காவல் என்று வாங்கியது, இப்படி ஆகும் என்று கனவிலும் நினைக்கவில்லை என்றார். கவனக்குறைவு என்று கேஸ் எழுதிவிட்டால் லைசென்ஸ் போகும், கோர்ட்டுக்கு அலைய வேண்டும், வெளிநாட்டு ஆர்டரெல்லாம் கைமாறிவிடும், கம்பெனியை நம்பி எத்தனை குடும்பம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும் என்றார்.

"நான் மேகசினக் கழட்டிட்டேனுங்கக்கா. சத்தியமா காலின்னுதான் நெனச்சேன்."

அவர் அதைச் சொன்ன மாத்திரத்தில், பொரிகடலைக் கவரைக் கட்டிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்து மறந்துபோன ஒன்று சின்னத்தாய்க்கு ஞாபகம் வந்தது. 'கண்ணு' என்று கூப்பிடுவதற்குச் சற்று முன்னால் அவர் வேறொன்று சொல்லியிருந்தார். பலகைக்குப் பக்கத்தில் நின்ற மனைவி கையை நீட்டியிருக்க வேண்டும். கீர்த்தி, நீ தொடாத, தள்ளி நில்லு என்றார். அதுவும் இதே குரல்தான், இதே மூச்சுதான்.

"காலின்னு நெனச்சீகளா மொதலாளி?"

"ஆமாங்கக்கா."

"அப்ப ஒங்க வீட்டம்மாவ என்னத்துக்குத் தொடாதன்னு சொன்னீக?"

தரணீதரன், பதிலை யாராவது எடுத்துக் கொடுப்பார்கள் என்பதுபோல மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் எதற்கு இருக்கிறார்?

"அம்மா பட்டுச் சேலை கட்டியிருந்தாங்கள்ளங்க. துப்பாக்கில எண்ணெ இருக்கும், சேலைல ஒட்டிக்குமுன்னு…" என்றார் ஆறுமுகசாமி.

இத்தனை நேரமும் வராத சிரிப்பு சின்னத்தாய்க்கு வந்தது. பட்டுச் சேலைக்கு எண்ணெய் ஆகாது, பருத்திச் சுடிதாருக்குக் குண்டு ஆகுமாக்கும். முதலாளி பொய் சொல்லவில்லை, காலி என்றுதான் நினைத்திருப்பார். ஆனாலும் உள்ளே எங்கேயோ கொஞ்சம் பயம் இருந்திருக்கிறது. இருந்த அந்தக் கொஞ்சத்தையும் பெண்டாட்டிக்கே செலவழித்துவிட்டார். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு மிச்சம் வைக்கவில்லை. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. திட்டமிட்டுச் செய்திருந்தால்கூடச் சண்டை போடலாம். அபிராமி என்று ஒருத்தி அங்கே நிற்கிறாள், அவளுக்கும் உடம்பு இருக்கிறது என்பதே அந்த மனுஷருக்குத் தோன்றாமல் போயிருக்கிறது.

வெளியே பூட்ஸ் சத்தம் கேட்டது. ஒரு எஸ்.ஐ.யும், கையில் காகிதம் செருகிய அட்டையோடு ஒரு ஏட்டும் உள்ளே வந்தார்கள். எஸ்.ஐ. மற்றவர்களை வெளியே போகச் சொன்னார். ஆறுமுகசாமி போனார். தரணீதரன் வாசல் வரைக்கும் போய் அங்கேயே நின்றுவிட்டார், எஸ்.ஐ. அதைக் கண்டுகொள்ளவில்லை. ராக்கையா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"எம் பிள்ள இருக்கட்டும் சார். ஏத்தா அபிராமி, உள்ள வா," என்றாள் சின்னத்தாய்.

அபிராமி வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். எஸ்.ஐ. பெயர், ஊர், வேலை எல்லாம் கேட்டார். பிறகு அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டார். சின்னத்தாய் பூஜையிலிருந்து ஆரம்பித்தாள். முதலாளி துப்பாக்கியை எடுத்ததைச் சொன்னாள், மேகசினை உருவியதைச் சொன்னாள். மனைவியை மட்டும் தள்ளி நிற்கச் சொன்னார் என்ற இடத்தில் ஏட்டின் பேனா நின்றது. அவர் வாசலைப் பார்த்தார்.

"அவரு மொகத்த என்னத்துக்குப் பாக்கீக சார்? குண்டு பட்டது என் கால்ல. நான் சொல்றத எழுதுங்க."

ஏட்டு எஸ்.ஐ.யைப் பார்த்தார். எஸ்.ஐ. தலையசைத்தார். பேனா நகர்ந்தது. முதலாளி துப்பாக்கியைப் பலகையில் வைத்துவிட்டு, அதுக்கும் ஒரு பொட்டு வை என்று தன் மகளிடம் சொன்னார், அவள் பலகையிலிருந்து எடுத்தாள் என்று சின்னத்தாய் சொல்லிக்கொண்டு போனாள்.

"இல்லம்மா," என்றாள் அபிராமி.

அறையில் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் நின்ற தரணீதரன் ஒரு அடி உள்ளே வந்தார். போச்சு என்று நினைத்தாள் சின்னத்தாய். இத்தனை சொல்லியும் பிள்ளை அந்த டிராயரைத் திறக்கப் போகிறது.

அபிராமி யாரையும் பார்க்கவில்லை. நெற்றியைச் சுருக்கி, எதிரே இருந்த வெற்றுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு பலகையில வைக்கல," என்றாள். "எங்கிட்ட கை நீட்டுன்னாரு. நீட்டுனேன். அவரேதான் வச்சாரு."

எப்படி என்று எஸ்.ஐ. கேட்டார். அபிராமி இடது கையை முன்னால் நீட்டி, கோயிலில் பிரசாதம் வாங்குகிறவளைப்போல உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். ஏட்டு எழுதி முடித்துப் பக்கத்தைப் புரட்டிய பிறகும், வாசலில் முதலாளி நின்ற இடம் காலியான பிறகும், அவள் அந்தக் கையைத் தாழ்த்தவில்லை.