தூங்குகிறவர்களுக்கு ஒரு படம்

விடிவதற்குள் கண்ணாயிரம் முடித்த வேலை ஒன்றுதான். தியேட்டரில் தூங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரையும் ஒரே நொடியில் எழுப்பிவிட்டான்.

பௌர்ணமியன்று அங்கே யாரும் படம் பார்க்க வருவதில்லை. பக்தர்கள் அண்ணாமலையைச் சுற்றிவிட்டு, டிக்கெட் வாங்கி, பையைத் தலைக்கு வைத்து, ஏசியில் கால்வலி தீரத் தூங்குவார்கள். புதுப் படத்துக்கு முன்பணம் கட்ட வக்கில்லாத முதலாளி ராஜமாணிக்கம், அதற்கேற்பப் பழைய படம் பொறுக்குவார்: சண்டை கம்மி, நீளம் ஜாஸ்தி. ஆபரேட்டர் அறையின் வெக்கையில் கண்ணாயிரம் கண் சொருகி, வேறு படத்தை அழுத்திவிட்டான். பெயரில் ஆயிரம் கண், முகத்தில் இருந்த இரண்டும் மூடியிருந்தன. எடுத்த எடுப்பில் திரையில் லாரி வெடித்தது. ஒருவர் வேட்டியை விட்டுவிட்டே ஓடினார்.

காலையில் முதலாளி வந்தார். பின்னால் ஸ்பேனர்களோடு ஆட்கள்.

"ஒன்னால ஜனங்க பணத்தைத் திருப்பிக் கேக்கறாங்க. இனிமே படமே வேணாம்பா. சேரைக் கழட்டிட்டுப் பாய் போட்டுடறேன். தூங்கறவனுக்கு எதுக்குத் திரை?"

"அப்ப எங்களோட வேலைங்க?"

"பாக்கலாம்."

"இருக்குதுங்களா, இல்லீங்களா?"

"அண்ணாமலையார் இருக்கார்."

இருப்பது தெரியும்; கண்ணாயிரம் கேட்டது வேலையை.

முன்வரிசையில் துருவேறிய போல்ட் கிறீச்சிட்டது. பாப்கார்னும் விபூதியும் கலந்த குப்பையைக் கூட்டிக்கொண்டிருந்த காசியம்மாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு, அந்த நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தாள்.

"ஏய், எழுந்திரு!"

"காலு வலிக்குதுங்க."

டிக்கெட் கொடுக்கும் ஓவியா பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்க வேலைக்கு ஒரு வழி சொல்லுங்க சார். அதுவரைக்கும் எழுந்திருக்க மாட்டோம்." கேன்டீன்காரரும் வாட்ச்மேனும் அடுத்தடுத்து அமர்ந்தார்கள்.

"ஆளு ஒக்காந்திருந்தா கழட்ட முடியாதுங்க" என்று ஸ்பேனர்க்காரன் கையை விரித்தான்.

"போலீசு வந்து தூக்கும்" என்று சொல்லிவிட்டு முதலாளி வெளியேறினார். போகிற போக்கில் மெயின் சுவிட்சை அணைத்தார். இருட்டில் ஏசியின் உறுமல் மெல்ல இறங்கி நின்றது. வெளியே ஜீப் சத்தமா, ஆட்டோவா, தெரியவில்லை.

கண்ணாயிரம் தடவித் தடவி முன்வரிசைக்கு வந்தான்.

"அக்கா, நெசத்தைச் சொல்லு. என்னாலதானே இவ்ளோவும்?"

"இந்த ஸ்பேனர் ஆளுங்க போன வாரமே வந்து, கழட்டறதுக்குன்னு சேருக்குச் சேரு சாக்பீஸ்ல குறி போட்டுட்டுப் போனானுங்க. தொடச்சுட்டா மறந்துடுவானுங்கனு நான்தான் தொடச்சேன்" என்றாள் காசியம்மாள். "ஒன்னால இல்லடா. இந்தாண்ட ஒக்காரு, ஓரத்து சேரு காலியா கீது."