ராஜாராம் வீட்டுக் குளிர்ச்சி

ராஜாராம் வீட்டுச் சுவரைத் தொடுபவர்கள் ‘குளிர்ச்சி’ என்று சொல்ல வேண்டும். ‘ஈரம்’ என்று சொல்லக் கூடாது. யாரும் வாய்விட்டு விதித்ததில்லை. ஆனாலும், உத்திரமேரூர் ஏரிக்கரையை ஒட்டிய அந்த வீட்டில் பால்காரர் உட்பட அனைவரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள்.

கடைக்காலின் மேல் ஈரத்தடுப்புப் பூச்சு போடுவது படித்தவர்களின் வீண்செலவு என்று தீர்மானித்து, ராஜாராம் தாமே முன்னின்று கட்டிய வீடு அது. செங்கல்லின் நுண்துளைகள் அத்தீர்மானத்தை மதிக்காமல், மண்ணின் ஈரத்தை மேலே இழுத்தன. முழங்கால் உயரத்தில் அது ஆவியானது. போகிற போக்கில் அறையின் வெப்பத்தையும் சிறிது கொண்டுபோனது. ஆகவே முதல் கோடையில் சுவர் உண்மையிலேயே குளிர்ந்தது. “நம்ம வூட்டுக்கு ஏசியே வேணாம்” என்றார் ராஜாராம். சுவரைப் பற்றி அவர் கடைசியாகச் சொன்ன உண்மை அதுதான்.

பிறகு உப்புப் பூத்துப் பூச்சு உதிர்ந்தது. வேறொருவர் காரணம் தேடியிருப்பார். அவர் டைல்ஸ் தேடினார். உள்ளும் புறமும் இடுப்பளவுக்கு ஒட்டினார். ஆவியாக வழியற்ற நீர், அடக்கமாகத் திரும்பிப் போகாமல், டைல்ஸுக்குப் பின்னாலேயே ஏறி மேலே தலைகாட்டியது. தோளளவுக்கு ஒட்டினார். அதுவும் ஏறியது. ஆவியாதல் குறைந்ததும் குளிர்ச்சி போனது. புகழ் மட்டும் போகவில்லை. விருந்தினர்கள் வியர்வையைத் துடைத்தபடியே “குளுகுளுன்னு கீது” என்றார்கள்.

அப்படி டைல்ஸ் ஒட்டிய ஏரிப்பக்கத்து அறையில்தான் மருமகள் திவ்யாவின் கைக்குழந்தை இழுப்போடு தூங்கியது. ஈரமான அறை ஆகாது என்று மருத்துவர் சொன்னதை அவள் கணவன் தினேஷ்குமாரிடம் சொன்னாள்.

“மெதுவா பேசு. நைனா காதுல உழுந்துடப் போவுது” என்றான் அவன்.

மாமியார் சொக்கம்மாளிடம் தீர்வே இருந்தது: “குளிர்ச்சி ஒத்துக்கல, அவ்ளோதான். கொயந்தைக்கு ஒரு குல்லா போட்டு வுடு.”

காற்றோட்டமான கூடத்தில் படுக்க வைக்கலாம். ஆனால் அது சுவரின் மீதான விமர்சனமாகிவிடும்.

மாகறலிலிருந்து ராஜாராமின் தம்பி புருஷோத்தமன் வந்தார். வீடு கட்டப் போகிறார். ராஜாராமைப் போலவே கட்ட வேண்டுமாம். அவரை நேரே அந்த அறைக்கே அழைத்துவந்தார் ராஜாராம்.

“தொட்டுப் பாருப்பா. இன்னா சொல்ற?”

புருஷோத்தமன் தொட்டுவிட்டு, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “ஊட்டி மாதிரி கீதுண்ணா.”

“மே மாசத்துல வா. போர்வ கேப்ப.”

குழந்தை இருமியது. இருமல் ஓயும்வரை அனைவரும் பண்போடு காத்திருந்தார்கள்.

“எம் மருமவ முயுகாம கீறா” என்றார் புருஷோத்தமன். “பொறக்கப் போற புள்ளைக்கி இதே மாதிரி ஒரு ரூம்பு போட்டுடணும்ணா.”

திவ்யா குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். உப்பி நின்ற ஒரு டைல்ஸை மறுகையால் இழுத்தாள். பெயர்ந்து வந்தது; பின்னாலிருந்த பூச்சு சேறாகச் சரிந்தது. டைல்ஸைப் புருஷோத்தமன் கையில் கொடுத்தாள்.

“குளிர்ச்சி இல்ல சின்ன மாமா, ஈரம். மூட மூட மேல ஏறிக்கினே கீது. கொயந்தைக்கி மூச்சு வுட முடியல.”

ராஜாராமின் பக்கம் திரும்பினாள்.

“இன்னிலேர்ந்து நாங்க கூடத்துல படுத்துக்கறோம், மாமா.”