மிளகாய்ச் செடி முளைத்த கழிப்பறை

இதில் ஒரு சொல் பொய் என்றாலும், எனக்கு மிச்சமிருக்கும் நான்கு பற்களும் இன்றைக்கே உதிரட்டும். பழமலைநாதர் சாட்சியாகச் சொல்கிறேன், அத்தனையும் நடந்தது.

விருத்தாசலத்தில் கழிப்பறைப் பீங்கான் செய்யும் கம்பெனி ஒன்றில் பெரியநாயகிக்கு வேலை. சூளையிலிருந்து வருகிற பீங்கான்களைக் காலை முதல் மாலை வரை தட்டித் தட்டிப் பார்ப்பாள். கணீரென்றால் லாரிக்கு அனுப்புவாள். குரல் உடைந்திருந்தால் ஒதுக்கிவிடுவாள். ஊர் உலகத்துக்கெல்லாம் கழிப்பறை அனுப்பிவைக்கும் அவள், விடியுமுன் சொம்போடு ரயில் பாதையோரக் கருவேலங்காட்டுக்குப் போவாள். அவள் வீட்டில் கழிப்பறை இல்லை.

கீறல் விழுந்த பீங்கானை வேலையாட்கள் வீட்டுக்கு எடுத்துப்போவது அங்கே வழக்கம். அவள் தெருவில் ஒரு வீட்டில் அதில் கோழி தண்ணீர் குடிக்கும். இன்னொரு வீட்டில் கனகாம்பரம் பூக்கும். பெரியநாயகி மண் நிரப்பி மிளகாய் நட்டிருந்தாள். அந்த மிளகாயைக் கடித்த ஒருவருக்கு மங்கலம்பேட்டை போய்ச் சேரும்வரை காது கேட்கவில்லை.

ஒருநாள் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சம்பந்தி அம்புஜவல்லி போனில் பேசினாள். பெரியநாயகியின் மகள் யுவஸ்ரீக்கு ஏழாம் மாதம். ஒன்பதில் வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சம்பந்தி. வவுத்துப் புள்ளக்காரிய முள்ளுக்காட்டுக்கு அனுப்ப எனக்கு மனசு வரல. ஒரு கக்கூஸு கட்டுங்க, மறுநாளே அனுப்பறேன்."

கழிப்பறை கட்ட அரசாங்க உதவி கேட்டு பெரியநாயகி நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். அங்கே கோதண்டபாணி என்ற எழுத்தர் கணினியைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ஒங்க வார்டு நூறு சதவீதம்மா. எல்லா வூட்லயும் கக்கூஸு இருக்குது."

"எங்க வூட்ல இல்லீங்க சார்."

"இல்லன்னா நூறு எப்பிடிம்மா வரும்?"

கணக்கெடுப்பில் எடுத்த போட்டோ ஒன்றையும் காட்டினார். அவள் வீட்டுக் கொல்லை, பீங்கான், பச்சைப்பசேலென்று மிளகாய்ச் செடி. கீழே, 'கழிப்பறை உள்ளது. பயன்பாட்டில் உள்ளது.'

"ஐயோ, அது செடி வெச்ச தொட்டிங்க!"

"அப்ப கக்கூஸு இல்லன்னு ஒரு போட்டோ கொண்டாங்க."

"இல்லாதத எப்பிடிங்க போட்டோ புடிக்கிறது?"

"அது ஒங்க பாடு."

வேலைக்கு லீவு போட்டு, வெறும் கொல்லையைப் படம் பிடித்து எடுத்துவந்தாள். கோதண்டபாணி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "இதுல எதுவுமே இல்லியே. எது இல்லன்னு இத வெச்சி எப்பிடி முடிவு பண்றது?"

மறுநாள் பக்கத்து வீட்டு ராஜவேலின் ஆட்டோவில் அந்தப் பீங்கானையே செடியோடு ஏற்றிவந்து அவர் மேசைமேல் வைத்தாள். அவர் பதறி எழுந்தார்.

"பதிவான கழிப்பறையப் பேத்துட்டு வந்திருக்கியே! எவ்ளோ பெரிய குத்தம் தெரியுமா?"

"சார், வேரப் பாருங்க சார்!"

அவர் பார்க்கவில்லை. கழிப்பறையை இடித்தது ஏன் என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. இல்லாததை இடித்ததற்கு என்ன விளக்கம் எழுதுவது? பெரியநாயகி பீங்கானைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். யுவஸ்ரீக்கு எட்டாம் மாதம் தொடங்கிவிட்டது.

இடிப்பை விசாரிக்க கோதண்டபாணியே வந்தார். வரும் வழியில் மூன்று முட்டை போண்டா தின்றிருந்தார். கொல்லையில் கால் வைத்ததும் அவர் வயிறு கடமுடவென்று உருண்டது. அந்தச் சத்தத்தில் ரயில் வருகிறதென்று கேட் கீப்பர் கேட்டைச் சாத்திவிட்டார்.

"அம்மா... அவசரம். ஒங்க வூட்ல..."

"இருக்குதுங்க சார். தோ, மொளகா செடி. பயன்பாட்டுல இருக்குதுன்னு நீங்கதான காட்டுனீங்க?"

அவர் அடுத்த வீட்டுக்கு ஓடினார். கோழி நிமிர்ந்து பார்த்தது. அதற்கடுத்த வீட்டில் கனகாம்பரம். நூறு சதவீதத் தெருவில் ஏழு வீடு ஏறி இறங்கி, கடைசியில் கருவேலங்காட்டுக்குள் பாய்ந்தார்.

முள் கிழித்த பேண்ட்டோடு திரும்பி வந்தவரைப் பார்த்து, "என்னா சார், நூறும் கெடச்சிதா?" என்றான் ராஜவேல்.

கோதண்டபாணி வாசற்படியில் உட்கார்ந்தார். பெரியநாயகி தண்ணீர் கொடுத்தாள்.

"பத்து நிமிசத்துல எனக்கு உசுரே போச்சி. நீங்க தெனம் எப்பிடிம்மா?"

"எங்க உசுரு போறதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறாதுங்க சார்."

அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு படிவத்தை எடுத்து, 'கழிப்பறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"நூறுன்னு மொதல்லயே முடிவு பண்ணிட்டு, அதுக்கு ஏத்த மாதிரி ஒங்க வூட்டு போட்டோவப் பாத்தேன். வூட்டப் பாத்துட்டுத்தான் நூறா தொண்ணூறான்னு சொல்லியிருக்கணும். எழுதி வெச்சதனால ஒண்ணு உண்மையாயிடாதும்மா. நேர்ல போயி பாக்காம உண்மைன்னு சாதிக்கிறவன், பொய் சொல்றவனவிட மோசம்."

ஒன்பதாம் மாதம் யுவஸ்ரீ தாய்வீட்டுக்கு வந்தாள். புதுக் கழிப்பறையில் பதித்த பீங்கான், தட்டினால் கணீரென்றது. ஆகவே யார் சொன்னாலும், நேரில் போய்ப் பார்த்த பிறகே எதையும் நம்புங்கள்.

அந்தத் தெருப் பக்கம் நான் போனதே இல்லை, மிளகாய்ச் செடி இருந்த அந்த ஒரு போட்டோவைத்தான் பார்த்தேன்.