நான்கு விரற்கடை

1912இல் பெத்லகேமிலிருந்து ஹோண்டுராஸில் வந்து இறங்கிய நஜ்லாவின் கால்கள் அந்நாட்டு மண்ணில் படவில்லை. நான்கு விரற்கடை உயரத்திலேயே நின்றன. துறைமுக எழுத்தர் அவளுடைய உஸ்மானியக் கடவுச்சீட்டைப் பார்த்துத் "துருக்கிக்காரி" என்று எழுதிக்கொண்டார். கால்களைப் பற்றி எழுதப் படிவத்தில் இடமில்லை. கணவன் ஈசா மூட்டை சுமக்க, இருவரும் வாழைத்தோட்டங்களில் துணி விற்றார்கள். முழங்கால் சேற்றிலும் அவள் பாவாடை விளிம்பு அழுக்காகாது என்பதால் கல்யாண உடைக்கு வெள்ளைத்துணி வேண்டியவர்கள் அவளுக்காகவே காத்திருந்தார்கள். பதினைந்து ஆண்டுகளில் சான் லூசெரோ நகரின் பெரிய ஜவுளிக்கடை அவர்களுடையதாயிற்று. கனவான்கள் மன்றத்தில் மட்டும் அனுமதியில்லை.

"தரையில நிக்கத் தெரியாதவளுக்கு நாற்காலி எதுக்கு?" என்றார் ஊரார் மரியாதையாகத் தோன் என்றழைத்த மன்றத் தலைவர் எவாரிஸ்தோ. அது நஜ்லாவின் காதுக்கும் வந்தது.

அந்த அக்டோபரில் மன்றத்தில் விருந்து நடந்த மதியம், உலுவா ஆறு கரையை உடைத்தது. அறுபத்து மூன்று பேர் மன்றத்தின் கூரைமேல் ஏறிக்கொண்டார்கள். மீட்கப் போன படகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. நஜ்லா கடைத்துணி முழுவதையும் மேட்டுக் கோயிலுக்குக் கொண்டுவரச் செய்து, முறுக்கி வடமாக்கி, ஒரு நுனியைத் தூணில் கட்டச் சொன்னாள்.

"சேறு வேற, ஆறு வேற, நஜ்லா," என்றான் ஈசா. "இது நம்ம மொத்தச் சரக்கு."

"அவங்க முழுகிட்டா யாருக்கு விக்கிறது? முடிச்ச இறுக்கு."

மறுநுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு வெள்ளத்தின்மேல் நடந்தாள். கூரையில் முதலில் கை நீட்டியவர் எவாரிஸ்தோ.

"பொம்பளைங்க மொதல்ல. நீங்க கடைசி, தோன்."

அந்தி சாய்வதற்குள் அறுபத்து மூன்று பேரும் கூரைமுகட்டில் கட்டிய வடத்தைப் பிடித்துக் கரையேறினார்கள். துணி ஒரு முழம்கூடத் தேறவில்லை. புதுச் சரக்குக் கப்பல் வர ஐந்து மாதமாயிற்று. அதுவரை தோட்டத்து ஜனங்கள் வேறு கடைப்படி ஏறாமல் கிழிசலைத் தைத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். பிறகு நெசவாலை வந்தது, சவர்க்கார ஆலை வந்தது, பெத்லகேமிலிருந்து உறவினர்கள் வந்தார்கள், அவர்கள் வங்கி திறந்தார்கள். எந்த நிதியமைச்சரும் பதவியேற்குமுன் நஜ்லா வீட்டில் திராட்சையிலையில் சுருட்டிய சோறு சாப்பிட்டுவிட்டுப் போவது வழக்கமாயிற்று.

அவளுக்கு அறுபது வயதானபோது மன்றம் அழைத்தது. போனாள். மரிம்பா வாத்தியம் வாசித்தார்கள். கிழவராகிவிட்ட எவாரிஸ்தோ எழுந்து வந்து கை நீட்டினார்.

"உங்க உயரத்துக்கு நான் எட்டுவேனான்னு தெரியல, தோன்யா."

"மெதுவா ஆடுங்க. பழகிடும்."

பாட்டு முடியும்வரை அவர் நுனிக்காலிலேயே ஆடினார். அதைப் பார்த்து மற்ற ஜோடிகளும் குதிகாலைத் தூக்கிக்கொண்டார்கள். சான் லூசெரோவில் வால்ட்ஸ் நடனத்தை இன்றும் அப்படித்தான் கற்றுத்தருகிறார்கள்.