தேங்காய் சத்தத்திலை சேர்த்தியோ?

ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைக்குப் பாரிஸில் இரண்டு வழிதான். யாராவது வளர்ப்பார்கள், இல்லையென்றால் யாராவது சாப்பிடுவார்கள். கப்பித்தேன் என்ற குதிரை இரண்டுக்கும் நடுவில் நின்றது. ஏற்கெனவே ஒரு சவாரிக்காரனின் விலாவை உதைத்து முறித்திருந்தது. குதிரைகளைத் திருத்தும் லாயத்தை நடத்திய மர்கரீத் தன் வேலையாள் கலைமாறனிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்: ஊர்வலம் ஒன்றில் ஒழுங்காக நடந்தால் சவாரிப் பள்ளிக்கு, இன்னொரு ஆளைக் காயப்படுத்தினால் இறைச்சிக்கடைக்கு.

போர் முடிந்தபின் வன்னியிலிருந்து வந்தவன் கலைமாறன். ஊர்வலம் தேடி, ரூ பெர்தொனே தெருவில் நகைக்கடை வைத்திருந்த தவரத்தினத்திடம் போனான். அவருடைய மகளுக்குக் கலியாணம்; மாப்பிள்ளையைக் குதிரையில் ஊர்வலமாகக் கூட்டிப்போக அவருக்கும் ஆசை.

"வெடி வேண்டாம், அண்ணை. மேளமும் வேண்டாம். சத்தம் கேட்டா பந்தயமெண்டு நினைச்சிடும்."

"மேளமில்லாட்டி அது கலியாணமோ, களவாய்க் கூட்டிக்கொண்டு ஓடுறதோ?"

தவரத்தினம் பேரம் பேசி வெடியை விட்டார், பிறகு தவிலை விட்டார். கடைசியில், மனமில்லாமல், நாதஸ்வரத்தையும் விட்டார்.

கலியாணத்தன்று காலை குதிரை பஸ்ஸுக்கும் மிரளவில்லை, ஹோர்னுக்கும் மிரளவில்லை. மாப்பிள்ளை கிருஷிகன் கடை வாசலில் ஏறி உட்கார்ந்தான். தவரத்தினம் கும்பிட்டுவிட்டு, தேங்காயைக் கல்லில் ஓங்கி அடித்தார்.

பந்தயத்தில் இரும்புக் கதவு அப்படித்தான் படாரென்று திறக்கும். அந்தக் கணமே பாயாத குதிரைக்குச் சவுக்கு. கப்பித்தேன் பாய்ந்தது. தலைப்பாகை ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம். அவனுடைய தோள் எலும்பு கல்லில் நொறுங்கியது. குதிரை கடைக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போய், தாலிக்கொடிகளுக்கு நடுவில் நெஞ்சு கிழிந்து நின்றது.

தவரத்தினம் ஷட்டர் இழுக்கும் கம்பியை எடுத்துக் குதிரையின் முகத்தில் அடித்தார். மறுபடியும் அடித்தார். பல்லொன்று தெறித்தது. அது உதைக்கவில்லை, நடுங்கியது. அடுத்த அடிக்குக் கலைமாறன் குறுக்கே கையை நீட்டினான். எலும்பு முறிந்தது தெருவுக்கே கேட்டது. அந்தச் சத்தத்துக்குக் குதிரை ஓடவில்லை.

"தேங்காய் உடைக்காதையெண்டு நீ சொல்லேல்லையடா!"

"எனக்கும் நினைப்பு வரேல்லை, அண்ணை."

"தேங்காய் சத்தத்திலை சேர்த்தியோ? அது சடங்கு!"

தெருமுனையில் பொலிஸ் வண்டி ஊளையிட்டது.

"அண்ணை, என்ரை கையை ஆர் முறிச்சதெண்டு கேப்பாங்கள்."

கம்பி மெல்ல இறங்கியது. "நீ என்ன சொல்லுவாய்?"

"மாப்பிள்ளை எப்பிடி விழுந்தவரெண்டு நீங்கள் சொல்லுறதைப் பாத்துத்தான்."

தவரத்தினம் கம்பியைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். "வேட்டி தடக்கி விழுந்தவர்."

"அவரைத் தூக்கப்போய் நானும் விழுந்தனான்."

தரையில் கிடந்த கிருஷிகன் முனகினான். "மாமா, குதிரைதானே..."

"பொத்தும் வாயை! உமக்குக் கலியாணம் வேணுமோ, வேண்டாமோ?"

இரண்டு பேர் தடக்கி விழுந்ததாகவும், கண்ணாடியை மட்டும் குதிரை உடைத்ததாகவும் பொலிஸ் எழுதிக்கொண்டது. குதிரையை ஏற்றிப்போக வண்டியோடு வந்த மர்கரீத் குதிரையின் நெஞ்சைப் பார்த்தாள்.

"யாரையாவது உதைத்ததா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"இல்லை" என்றான் கலைமாறன். அது மட்டும் உண்மை. "அப்படியென்றால் லாயத்துக்கு" என்று அவள் வண்டிக் கதவைத் திறந்தாள்.

குதிரை ஒரு கால் ஏற்றியபோது தவரத்தினத்தின் மனைவி இந்திராதேவி இன்னொரு தேங்காயோடு ஓடிவந்தார். "பொல்லாத நாவூறு பட்டிட்டுது!" என்று தலைக்குமேல் ஓங்கினார்.

கலைமாறன் பாய்ந்து, நல்ல கையால் அதைப் பறித்தான். ஆஸ்பத்திரியில் எலும்பைப் பொருத்தி முடிக்கும்வரை அந்தத் தேங்காயை அவன் ஒருவரிடமும் கொடுக்கவில்லை.