கடிவாளம் விட்ட கை

அன்று சேண அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். இந்த லாயத்துக்கு உரியவனான நான், சாபித், வயது அறுபத்தெட்டு. இறந்துபோன என் தம்பியின் இளைய மகன் தாயிர். அவனுடைய அண்ணன் காசிமின் மனைவியாக இருந்து, போன ஏப்ரலில் விதவையான கூல்பர்ஷின். லாடம் அடிக்கும் ஓமிர்சாக். இலையுதிர் காலத்தில் எங்களிடம் வந்து சேர்ந்த சவாரிக்காரன் சாகென். ஆறாவது ஆள் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் எதையும் பார்க்கவில்லை. கண்ணாடியில் விரல் கனத்துக்கு உறைபனி படிந்திருந்தது.

நாங்கள் சினிமாவுக்குக் குதிரை ஓட்டுகிற குடும்பம். அம்பு பட்டுச் சேணத்திலிருந்து சரிகிறவன், ஈட்டி பாய்ந்து குதிரையோடு புரள்கிறவன், எரியும் கூடாரத்துக்குள் பாய்கிறவன் எங்கள் வீட்டு ஆளாகவே இருப்பான். என் அப்பா தொடங்கியது. இந்த அறைக்கு அவர் ஒரே ஒரு விதி வைத்தார்: விழுந்ததைப் பற்றி இங்கே யாரும் பொய் பேசக் கூடாது. மோசமாக விழுந்தவனை நன்றாக விழுந்தாய் என்று சொன்னால் அடுத்த முறை அவன் சாவான். நானும் என் தம்பியின் மகன்மாரும் அந்த விதியின் கீழ்தான் வளர்ந்தோம்.

பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி குளிர். குதிரைகளைப் பயிற்சிக்கு எடுக்கவில்லை. கூல்பர்ஷின் அடுப்பில் ஆட்டு ஈரலும் உருளைக்கிழங்கும் வதக்கிக்கொண்டிருந்தாள். பேச்சு அந்த மாதம் பார்த்த படங்களைப் பற்றிப் போயிற்று.

ஓமிர்சாக் கான் மன்னர்கள் காலத்துப் படம் ஒன்று பார்த்திருந்தான். போரில் முந்நூறு பேர் சாகிறார்கள், ஒரு குதிரைக்குக்கூட வியர்க்கவில்லை என்றான். வெட்டுப்பட்ட தலை மண்ணில் உருளும்போது கண் மூடியிருந்ததாம். "ஆட்டை அறுத்தவன் ஒருத்தனாச்சும் அந்தக் கூட்டத்துல இருந்திருந்தா சொல்லியிருப்பான், தலை கண்ணைத் திறந்துக்கிட்டுத்தான் கிடக்கும்னு" என்றான்.

தாயிர் பார்த்தது போலீஸ் படம். நாயகன் வயிற்றில் ஐந்து குண்டு வாங்கிக்கொண்டு கதவை உதைத்துத் திறந்து வசனம் பேசுகிறான். ஒரே ஒரு குளம்படி வயிற்றில் வாங்கிப் பார்க்கட்டும், அப்புறம் அவன் அம்மா பேரைச் சொல்ல முடிகிறதா பார்க்கலாம் என்று தாயிர் சொல்லவும் எல்லோரும் சிரித்தோம். கூல்பர்ஷின் ஒரு கல்யாணக் கலாட்டாப் படத்தைச் சொன்னாள். மாமியார் கொப்பரைக்குள் விழுகிறாள், யாரும் சாகவில்லை, அதுவே போதும் என்றாள். நான் பார்த்த ஒரு படத்தில் ஒருவனை வில்நாணால் கழுத்தை நெரிக்கிறார்கள். நாற்பது விநாடி எடுத்துக்கொண்டார்கள். மற்ற படங்களில் ஐந்து விநாடியில் முடித்துவிடுகிறார்கள். அந்த இயக்குநருக்குக் கழுத்தைப் பற்றித் தெரிந்திருக்கிறது என்றேன்.

அதன் பிறகுதான் சாகென் தன் படத்துக்கு வந்தான். ஜனவரியில் வெளியான எல்லைப் போர்ப் படம். நாங்கள் யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை. அதன் படப்பிடிப்பில்தான் காசிம் செத்தான். அவன் விழுந்த காட்சியை வெட்டிவிடுவதாகக் கம்பெனிக்காரர்கள் என் வீட்டு விரிப்பில் உட்கார்ந்து, என் ரொட்டியைத் தொட்டு வாக்குக் கொடுத்திருந்தார்கள். வெட்டியாயிற்று என்ற நினைப்பில்தான் சாகெனும் பேசினான். அதை நான் மறைக்கவில்லை.

கூடாரங்களுக்குத் தீ வைக்கும் இடம் நன்றாக இருக்கிறது என்றான். ஒருவன் வாயில் ஈட்டி நுழைந்து பிடரியில் வருவது பரவாயில்லை என்றான். பிறகு ஈரலை மென்றுகொண்டே சிரித்தான்.

"ஆனா ஆத்தங்கரையில ஒருத்தன் விழுறான் பாருங்க, கறுப்பு ரோமத் தொப்பி, மூஞ்சியில துணி கட்டியிருக்கான். குதிரை சாயறதுக்கு முன்னாடியே கடிவாளத்தை விட்டுட்டுக் குதிக்கிறான். அந்தக் கோழைப்பயலை எங்கேருந்து பிடிச்சாங்களோ. குதிரை பாவம். நல்ல மஞ்சக் குதிரை, ஒரு காது நுனி இல்லை."

கரண்டி சட்டியில் உரசும் சத்தம் நின்றது.

காது நுனி இல்லாத மஞ்சள் குதிரை எங்களுடையது. குட்டியாக இருந்தபோது குளிரில் கருகி விழுந்த நுனி. அது காசிமின் குதிரை. அவன் மார்பின் மேல் விழுந்து கழுத்து முறிந்து அவனோடேயே செத்தது.

ஓமிர்சாக் மெதுவாக, "அது நம்ம காசிம்" என்றான்.

சாகென் மெல்லுவதை நிறுத்தினான். அப்போதே எழுந்து கூல்பர்ஷினிடம் மன்னிப்புக் கேட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். தெரியாமல் சொன்னேன் என்றான். ஆனால் ஆள் யாராக இருந்தாலும் தான் கண்டது கண்டதுதான், இந்த அறையின் விதியும் அதுதானே என்று என்னைப் பார்த்தான்.

தாயிர் கொதிக்கும் தேநீர்க் கெண்டியை அவன் மேல் வீசினான். சாகெனின் கழுத்தும் தோளும் வெந்தன. அவன் கத்தவில்லை. மேசையைத் தாண்டிப் பாய்ந்து தாயிரின் முடியைப் பிடித்து முகத்தை அடுப்பு விளிம்பில் இடித்தான், இரண்டு தரம். மூக்கு உடையும் சத்தம் எனக்குக் கேட்டது. தாயிர் கீழே கிடந்தபடியே அவன் முழங்காலை உதைத்து அவனை விழவைத்தான், மேலே ஏறினான், கண்ணில் கட்டைவிரலை அழுத்தினான். சாகென் அந்தக் கையைக் கடித்தான். ஈரல் தரையெல்லாம் சிதறியது. அதில் எது ஆட்டு ரத்தம், எது மனித ரத்தம் என்று தெரியவில்லை. ஓமிர்சாக் சுத்தியலை எடுத்து நடுவில் நின்றதும்தான் இருவரும் விலகினார்கள்.

தாயிர் என் பக்கம் திரும்பினான். வாயெல்லாம் ரத்தம்.

"அவன் பொய் சொல்றான்னு சொல்லுங்க, பெரியப்பா. ஒரு வார்த்தை."

நான் வாயைத் திறக்குமுன் கூல்பர்ஷின் பேசினாள். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து பதினோரு வருஷம். என் முன்னால் குரலெடுத்து அவள் பேசியதில்லை.

"படத்தைப் போடுங்க" என்றாள். "நான் பாக்கணும்."

வேண்டாம் என்றேன். அவள் மறுபடியும் அதையே சொன்னாள். படம் சாகெனின் போனில் இருந்தது. அவனே அதைச் சுவரில் இருந்த டிவியில் போட்டான்.

குதிரையை விழவைப்பது எப்படி என்று தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடிவாளத்தை ஒரு பக்கமாக இழுத்துக் குதிரையின் தலையைத் திருப்பி, எதிர்ப்பக்கம் உடம்பைச் சாய்த்தால் அது பக்கவாட்டில் படுக்கும். நம் தோள் மண்ணைத் தொடும்வரை கடிவாளத்தை விடக் கூடாது. முன்னதாக விட்டால் குதிரை எழுந்துகொள்ளப் பார்க்கும். கால் பின்னி, தலைகுப்புறப் புரண்டு வரும்.

பனி மூடிய கரை. கறுப்புத் தொப்பி. நாலு கால் பாய்ச்சலில் வருகிறான். நாங்கள் அதை நாலு தடவை பார்த்தோம், கடைசி இரண்டும் மிக மெதுவாக. விரல்கள் விரிகின்றன. குதிரையின் தலை அப்போது பாதிதான் திரும்பியிருக்கிறது. அவன் சேணத்தை விட்டு எழுகிறான். பிறகு மஞ்சள் உடம்பு மொத்தமும் வானத்துக்கும் அவனுக்கும் நடுவே வருகிறது. அதோடு வெட்டி, அழகான நடிகனின் முகத்தைக் காட்டுகிறார்கள். இசை வருகிறது.

மூவரும் என்னையே பார்த்தார்கள். கூல்பர்ஷின் மட்டும் டிவியைப் பார்த்தாள்.

காசிமுக்கு நான்தான் விழக் கற்றுக்கொடுத்தேன். ஆறு வருஷம் அந்தக் கையில் பிழை கண்டதில்லை. அன்று ஏன் விரிந்தது என்று எனக்குத் தெரியாது. விரிந்தது மட்டும் தெரிந்தது.

"முன்னாடியே விட்டுட்டான்" என்றேன்.

தாயிர் என் காலடியில் ரத்தத்தைத் துப்பினான். எங்கள் குலத்தில் ஒரு மகன் பெரியவர் காலடியில் துப்பியது அதுவே முதல் தடவை.

கூல்பர்ஷின் இன்னும் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். "பயந்தா என்ன" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. "அவ்வளவு பயந்தவர் இன்னும் கொஞ்சம் முன்னாடியே குதிச்சிருக்கலாமே."

சாகெனின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பு மற்ற கண்ணில் தெரிந்தது.

"சரியாச் சொன்னே தங்கச்சி" என்றான். "முழுக் கோழையா இருந்திருந்தா பொழைச்சிருப்பான். அரைக் கோழையாப் போயிட்டான்."

சொல்லிவிட்டுச் சிரித்தான்.

சுவரில் என் அப்பாவின் அங்கவடி, சவாரியில் கால் நுழைக்கும் இரும்பு வளையம், தோல்வாரோடு தொங்கியது. அதை எடுத்து, வாரைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி, ஓங்கி அவன் வாயில் அடித்தேன். தாடை இரண்டு இடத்தில் போயிற்று. பற்கள் ஈரலோடு ஈரலாகக் கிடந்தன. அவன் எழ முயன்றான். இரண்டாவது அடியைத் தோளில் கொடுத்தேன். வெந்த தோல் அங்கவடியோடு உரிந்து வந்தது. மூன்றாவதை ஓமிர்சாக் என் கையைப் பிடித்துத் தடுத்தான். சாகென் மேசைவிரிப்பைப் பிடித்து இழுத்தபடி சரிந்து தரையில் சாய்ந்தான். இது ஒழுங்கான விழுகை, கடைசிவரை பிடியை விடவில்லை என்றான் ஓமிர்சாக். அவனுக்கு எந்த நேரத்தில் எதைச் சொல்வது என்று எப்போதுமே தெரிந்ததில்லை.

நானே சாகெனை வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். அடித்தவன் நான் என்று அங்கே என் பெயரையும் சொன்னேன். தாயிர் மறுநாள் தன் சேணத்தை எடுத்துக்கொண்டு வேறு லாயத்துக்குப் போய்விட்டான். கூல்பர்ஷின் இங்கேதான் இருக்கிறாள். வசந்தம் வரை யாரும் விழுந்து பழக வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் பக்கத்துத் தல்கார் சந்தையில், காசிமைப் பற்றிப் பொய் சொன்னதற்காக சாகெனின் வாய் உடைந்தது என்று பேசிக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டுக்குப் பரிந்து பேசுவதாக அவர்களுக்கு நினைப்பு. அது தவறு. அவன் சொன்னதில் பொய் இல்லை. காசிம் முன்னதாகவே விட்டான். நான் அடித்தது சிரித்ததற்கு.